கோர்ட்டு பிரியும் வரை

எலப்புள்ளி
24.02.2023

சாந்தன்பாறை ஏலத்தோட்ட லயத்தில் வசிக்கும் திருமதி செபமாலையம்மாள் அவர்களுக்கு,

எலப்புள்ளி பூபதிராஜாவின் மனைவி கோமதி மிகுந்த மனவேதனையுடன் எழுதிக்கொள்வது.

சென்ற நவம்பர் பதினான்காம் தேதி காலை, பூப்பாறை சாலையில் என் கணவர் ஏலத்தோட்டத்துக்கு எரு ஏற்றி ஓட்டிவந்த வண்டியில் அடிபட்டுத் தங்கள் மகள் ஜெஸ்னா காலமானார். அன்று கடும் பனிமூட்டம். எதிரே ஒன்றும் தெரியவில்லை. தங்கள் மகள் பனிக்குள்ளிருந்து எதிர்பாராத விதமாகச் சாலையின் குறுக்கே ஓடிவந்துவிட்டார். இது விதியின் செயலே தவிர என் கணவர் வேண்டுமென்று செய்ததல்ல. அன்று முதல் அவர் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறார்.

தாங்கள் பெரிய மனது வைத்து என் கணவரை மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு அனுப்பினால் எங்கள் குடும்பம் காலமெல்லாம் நன்றி மறவாது.

இப்படிக்கு,
பூ. கோமதி

அம்மாங்க, மேல இருக்கறது முறைக்கு எழுதினதுங்க. இது நானா எழுதறனுங்க. அன்னைக்கு வண்டியில நானும் இருந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் உங்க புள்ள கையைப் புடிச்சுட்டு நாந்தான் உக்காந்திருந்தனுங்க. இப்பவும் சோறு பெசையறப்ப அந்தக் கையி எங்கைக்குள்ள இருக்கற மாதிரியே இருக்குதுங்க. எனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குது, யோகப்பிரியான்னு, அஞ்சு வயசு. உங்க முகத்தப் பார்த்துப் பேச எனக்கு யோக்கியத இல்லீங்க, அதான் கடுதாசி.


சாந்தன்பாறை
12.03.2023, ஞாயிறு

கோமதிக்கு,

ஆண்டவர் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இரங்கட்டும்.

அஞ்சு வயசுல பிள்ளை இருக்குன்னா நீ என் மகளுக்கு ஆறேழு வயசு மூத்தவளா இருப்பேன்னு தோணுது, அதனால நீன்னே எழுதுறேன். உன் கடிதத்துல மேல் பாதி எனக்குப் பிடிக்கல. காலமானார் கீலமானார்னு பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. கீழே எழுதியிருந்தியே நாலு வரி, அதுக்குத்தான் இந்தப் பதில்.

நான் ஏலக்காய் ஸ்டோர்ல காய் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன். அவுக, அதான் என் வீட்டுக்காரர் சூசையப்பன், தோட்டத்துல மருந்தடிக்கிறாக. ஜெஸ்னா எங்களுக்கு ஒத்தைப் பிள்ளை. பூப்பாறை கிளினிக்ல டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போய்க்கிட்டிருந்தா. இருபத்திரெண்டு வயசு. சம்பளத்துல எனக்கொரு குக்கர் வாங்கிக் கொடுத்தா, அதை இன்னும் நான் அடுப்புல ஏத்தல.

இது ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லப் போய், ஒருத்தன் மேல நெஞ்சு எரியுது சாமின்னேன். மன்னிக்காம பூசையில நற்கருணை அப்பம் வாங்காதம்மான்னு சாமியார் சொல்லிட்டார். இப்ப மூணு ஞாயிறா நான் அதை வாங்குற வரிசையில போகாம பெஞ்சிலயே உட்கார்ந்து கிடக்கேன். லயத்துப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் திரும்பித் திரும்பிப் பார்க்காளுக. இன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்து, சேலைகூட மாத்தாம எழுதுறேன். உன் வீட்டுக்காரரை நான் மன்னிச்சிட்டேன். முழு மனசோடன்னு சொன்னா அது பொய். பாதி மனசோட மன்னிச்சிருக்கேன், மீதியை ஆண்டவர் பார்த்துக்கிடட்டும். இனிமே ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார்னு எழுதியிருந்தியே, அதை நம்பித்தான் இதை எழுதுறேன்.

கையெழுத்தும் தேதியும் கேட்டிருந்தே. மன்னிப்புக்கு என்னத்துக்குத் தேதி? இருந்தாலும் போட்டிருக்கேன்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அவ கடைசியா எதுவும் சொன்னாளா? அடுத்தது, பனின்னு எழுதியிருக்கே. அன்னைக்குக் காலையில நான் ஸ்டோர் வாசல்ல நின்னேன். எதிர்மலையில மாடு மேயறது தெரிஞ்சுச்சு. ரோட்டுல மட்டும் பனி கிடந்துச்சா?

இந்தக் கடிதம் எழுதினதை அவுககிட்டச் சொல்லல. சொன்னா தாங்கமாட்டாக.

செபமாலையம்மாள்


எலப்புள்ளி
05.04.2023

அம்மாவுக்கு கோமதி கும்பிட்டு எழுதறது.

உங்க கடுதாசி வந்து சேந்துச்சுங்க. படிச்சுப்போட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள போய் உக்காந்து அழுதனுங்க. மன்னிச்சிட்டேன்னு நீங்க எழுதின பக்கத்த எங்க மாமனாரு கேட்டு வாங்கிட்டாரு. பொங்கியண்ணன்னு பேரு அவருக்கு. எங்கூட்ல எல்லாம் அவரு சொல்றதுதானுங்க.

நீங்க கேட்டதுக்குச் சொல்றேன். உங்க புள்ளைக்கு நெனவு இருந்துச்சுங்க, பாதி தூரம் வரைக்கும். வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலீங்க. "அது எங்கம்மா குடைங்க, ரோட்டுல கெடக்குது, எடுத்து வெச்சிருங்க"ன்னு ரெண்டு வாட்டி சொல்லுச்சு. எடுத்துட்டேன் கண்ணுன்னு பொய் சொன்னேன்.

யோகப்பிரியாவுக்கு அம்மை போட்டிருந்துச்சு, இப்பத் தேவலைங்க. வேப்பெலை விரிச்சுப் படுக்க வெச்சிருந்தோம். இங்க வெயிலு நெம்பக் கொளுத்துது. உங்க மலையில குளுந்து கெடக்கும்.

பனியப் பத்திக் கேட்டிருந்தீங்க. அதப் பத்தி எழுதற நெலமையில நான் இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க.

உங்க,
கோமதி


சாந்தன்பாறை
19.07.2024

கோமதி,

நேத்துக் கோர்ட்டுல தீர்ப்பு. நீ வரல. வந்திருந்தா உன் தலைமயிரைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கியிருப்பேன்.

அவுக ஒரு மாசமா சாட்சி சொல்றதுக்குத் தயார் பண்ணிக்கிட்டிருந்தாக. அன்னைக்குப் பனி இல்ல, வெயில் அடிச்சுச்சு, நான் மருந்து டிரம்மோட மேட்டுல நின்னேன் ஐயான்னு மலையாளத்துல சொல்லிச் சொல்லிப் பழகினாக. வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்து வாங்கினாக. அங்கே போனா உன் வீட்டுக்காரர் எழுந்திரிச்சு குத்தத்தை ஒத்துக்கிடுதேன்னுட்டார். ஒத்துக்கிட்டதால சாட்சியே வேண்டாம்னுட்டாங்க. அவுக தேய்ச்ச சட்டையோட திரும்பி வந்து உட்கார்ந்தாக.

அப்புறம் உங்க வக்கீல் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே என் கடிதம். இறந்துபோன பெண்ணோட அம்மாவே மன்னிச்சிருக்காங்கன்னு அந்த ஒரே ஒரு வரியை மலையாளத்துல சொன்னார். பாதி மனசோடன்னு எழுதினதை விட்டுட்டார். ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார்னு நம்பி எழுதினதையும் விட்டுட்டார். பனிக்குள்ள ஓடிவந்து விழுந்தவன்னு என் மகளைச் சொன்னார். மாஜிஸ்திரேட்டு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்து, இது உங்க கையெழுத்தான்னு கேட்டார். அவுகளும் திரும்பிப் பார்த்தாக. ஆமாங்கய்யான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? என் கையெழுத்துதானே.

கோர்ட்டு பிரியற வரைக்கும் தண்டனை, கூட ஒரு ஃபைன். அவுகளுக்கு அது புரியல. எத்தனை வருஷம் சார்னு அங்கே இருந்த கிளார்க்கைக் கேட்டாக. அந்த ஆள் சுவத்துக் கடிகாரத்தைக் காட்டி, அஞ்சு மணி வரைக்கும்னு சொன்னான்.

உன் வீட்டுக்காரர் பெஞ்சில உட்கார்ந்தார். மத்தியானம் வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர், உன் மாமனாராத்தான் இருக்கணும், திங்கப் பழம்பொரி வாங்கியாந்து கொடுத்தார். மூணு மணிக்கு வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினார் உன் வீட்டுக்காரர். நாங்க ரெண்டு பேரும் எதிர்ப் பெஞ்சில உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டிருந்தோம். அஞ்சு மணிக்குச் சோம்பல் முறிச்சிட்டு வெளியே போய் வண்டியில ஏறினார். ஓட்டுற சீட்டுல ஏறினார், கோமதி.

அவுக அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோத்தைப் போட்டா தின்னுறாக, தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிடுதாக. என் பிள்ளையை நானே வித்துட்ட மாதிரி பார்க்காக. நீ என்னைப் பாவியாக்கிட்டே. ஆறுதல் தேடுறான்னு நினைச்சு எழுதினேனே, அதைக் கொண்டுபோய்க் கோர்ட்டுல நீட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

செபமாலை


எலப்புள்ளி
25.08.2024

அம்மாங்க,

நீங்க திட்டினது பத்தாதுங்க. இன்னும் திட்டோணும். பதில் எழுத ஒரு மாசம் ஆச்சு, பயத்துல.

அந்த மொதக் கடுதாசி வக்கீலு சொல்லச் சொல்ல எழுதினதுங்க. மாமனாரு பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தாரு. கேசுல எழுதியிருந்த உங்க விலாசத்தப் பார்த்து அவருதான் கவருல எழுதினாரு. கடைசி நாலு வரி மட்டும் கவர ஒட்டறதுக்கு முன்னால அவருக்குத் தெரியாம எழுதினது. கோர்ட்டுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லமாட்டனுங்க. அரைகுறையாத் தெரியும். கேட்டா என்ன ஆகும்னு கேக்காம இருந்துட்டேன்.

இனிமே ஊட்டு விலாசத்துக்கு எழுதிப்போடாதீங்க. தபாலு வந்தா மாமனாரு பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுக்கறாரு. இந்து தையல் கடைன்னு பஸ் ஸ்டாப்புகிட்ட இருக்குது, அந்தப் புள்ள எனக்கு நெம்பப் பழக்கம். அந்தக் கடை ரசீதுக்குப் பின்னாலதான் இத எழுதறேன். விலாசமும் போன் நம்பரும் அதுலயே அச்சடிச்சிருக்குது. எம்பட போன அவிய, எங்கூட்டுக்காரரு, தெனமும் வாங்கிப் பார்ப்பாங்க, அதுல பேச முடியாதுங்க.

அவிய ஸ்டீயரிங்கத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுனதும் வக்கீலு சொல்லி எழுதினதுதான். லைசென்ஸ ஆறு மாசம் முடக்கி வெச்சிருந்தாங்க, அப்பவும் ஓட்டினாங்க. இப்ப அதவிடப் பெரிய பயம் வந்திருக்குது, அதச் சொல்லத்தான் எழுதறேன். இந்த மாசம் மாமனாரு ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்களக் கொண்டுபோற ஓட்டம் புடிச்சுட்டாரு. கேசு இருக்கறவங்களுக்குப் பள்ளிக்கூட வண்டி ஓட்டறதுக்கு விடமாட்டாங்களாமா, அதனால பேப்பருல தோட்டத்துல வேல செய்யற நஞ்சப்பன் பேரு. ஓட்டறது எங்கூட்டுக்காரரு. இருவத்தி மூணு புள்ளைங்க. யோகப்பிரியாவும் அதுலதான் போகுது, முன் சீட்டுல, அவிய பக்கத்துல.

வாய்க்காக் கரைமேல ஒரு கையில போன் வெச்சுட்டே ஓட்டறாங்க. போன வாரம் ஒரு கன்னுக்குட்டிய அடிச்சுப் போட்டாங்க. புள்ளைங்கெல்லாம் அழுதுதாமா. நான் ராத்திரி சோறு போடறப்ப, கொஞ்சம் பார்த்து ஓட்டலாமில்லீங்கன்னேன். அவிய சிரிச்சுட்டு, "இப்ப என்னாயிரும்? ஒரு பொழுது பெஞ்சுல உக்காந்துட்டு வரோணும், அவ்வளவுதான"ன்னாங்க. மாமனாரும் சிரிச்சாரு.

எனக்கு யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல, உங்ககிட்டச் சொல்றேன்.

கோமதி


சாந்தன்பாறை
08.10.2024

கோமதி,

இன்னும் உன் மேல கோபம் ஆறல. ஆனா இருபத்து மூணு பிள்ளைகன்னு படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

ஸ்டோர் சூப்பர்வைசர் சகாயம் உன் ஊர்ப் பள்ளிக்கூடத்து நம்பரைத் தேடிக் கொடுத்தான், அங்கே போன் போட்டேன். எடுத்தவன் டிரைவர் பேரு நஞ்சப்பன்தான், பேப்பரெல்லாம் சரியா இருக்கு, நீங்க யாரு, எங்கேயிருந்து பேசுறீங்கன்னு கேட்டான். ஜெஸ்னா அம்மான்னு சொன்னேன். எந்த ஜெஸ்னான்னான். வெச்சிட்டேன்.

அரசாங்க வக்கீலையும் போய்ப் பார்த்தேன். தீர்ப்பு முடிஞ்சது முடிஞ்சதுதான்னார். ஆனா வண்டிக்குள்ள இருந்தவங்க யாராவது நடந்ததைக் கைப்பட எழுதி, இப்பவும் இந்த ஆள்தான் வேன் ஓட்டுறார்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுத்தா லைசென்ஸையும் வேனையும் நிறுத்தலாமாம். வண்டிக்குள்ள இருந்தது யாரு? நீதான்.

ஒரு கடிதத்தால நான் அவரை வெளியே விட்டேன். இப்ப நீ ஒரு கடிதம் எழுதி அவரை நிறுத்து. என் மகளுக்காகச் செய்யின்னு கேட்கல. அந்த முன் சீட்டை நினைச்சுப் பாரு.

அன்னைக்குப் பனி இருந்துச்சா இல்லையா? ஒண்ணரை வருஷமா கேட்கேன்.

செபமாலை


எலப்புள்ளி
21.11.2024

அம்மாங்க,

பனி இல்லீங்க.

வெயிலு பளிச்சுன்னு அடிச்சுது. உங்க புள்ள ரோட்டுக்குக் குறுக்க வரவே இல்ல. ஓரமா, மண்ணுமேல நின்னுட்டிருந்துச்சு, குடைய மடக்கிக் கையில வெச்சுட்டு. பஸ்ஸு தவறிப்போச்சோ என்னமோ, எங்க வண்டியப் பார்த்துக் கையக் காமிச்சுது. உங்க பக்கத்துல வண்டிக்குக் கையக் காமிச்சா ஏத்திட்டுப் போறது வழக்கமாமே. முன்னால போன எரு வண்டி கூட ரெண்டு பேர ஏத்துனத நான் பார்த்தேன்.

எங்கூட்டுக்காரரு போன்ல இருந்தாங்க. தோட்டத்துல எந்த வண்டி மொதல்ல போகுதோ அதுல இருக்கற எருவத்தான் மொதல்ல எறக்குவாங்க. முன்னால போன வண்டிக்காரங்கிட்ட, எனக்கு வழி விடுடான்னு வாட்ஸப்புல பேசி அனுப்பிட்டிருந்தாங்க. போனப் பார்த்துட்டே வண்டிய ரோட்ட விட்டு ஓரமா எறக்கிட்டாங்க. நான் பார்த்துட்டனுங்க. அந்தக் கையி, அந்த வளையலு, எல்லாம் தெரிஞ்சுது. அவிய போன்ல இருக்கறப்பக் குறுக்க பேசினா அவியளுக்குப் புடிக்காது. கல்யாணமான புதுசுல ஒரு வாட்டி பேசி அறை வாங்கியிருக்கறேன். அதனால மெல்ல, "ஏனுங்க"ன்னேன். மெல்லத்தான் சொன்னேன். கத்தியிருந்தா நிமிந்து பார்த்திருப்பாங்க. உங்க புள்ள இன்னைக்கு இருந்திருக்கும்.

இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. எங்கம்மாகிட்டக்கூட.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதச் சொல்றீங்க. எழுதினா அன்னைக்கே என்னைய ஊட்ட விட்டுத் தள்ளிருவாங்க. புள்ளையக் குடுக்கமாட்டாங்க. கிணத்துக்கடவுல எங்கம்மா தனியா இருக்கறாங்க, அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. எனக்குத் தெகிரியம் இல்லீங்க. வேனும் இப்ப முன்ன மாதிரி இல்ல, போன வாரம் மதகுச் சுவத்துல ஒரசி ஒரு பக்கக் கதவு சரியாச் சாத்த மாட்டேங்குது, கயிறு போட்டுக் கட்டியிருக்குது. நஞ்சப்பனே பயந்துக்கறான்.

இதப் படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுருங்க. உங்க தங்கச்சியா நெனச்சுக் கேக்கறேன்.

கோமதி


சாந்தன்பாறை
10.12.2024

கோமதிக்கு,

நீ கிழிச்சுப் போடச் சொன்னே, நான் கிழிக்கல. அந்தத் தாள்ல என் மக ரோட்டோரத்துல கையைக் காட்டிக்கிட்டு நிக்கா. அதை நான் எப்படிக் கிழிப்பேன்?

உள்ளதைச் சொல்லிருதேன். அதைக் கைப்பையில வெச்சுக்கிட்டு பூப்பாறை வரைக்கும் போனேன். உன்கிட்டக் கேட்காம ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிரணும்னுதான் போனேன். ஜெராக்ஸ் கடை வாசல்ல கால் மணி நேரம் நின்னேன். உள்ளே போக முடியல. நான் நம்பி எழுதின கடிதத்தை நீங்க கோர்ட்டுல நீட்டினபோது, ஆமாங்கய்யான்னு அவுக முன்னாடி ஒத்துக்கிட்டு நின்னவ நான். அதையே நான் உனக்குச் செஞ்சா, உன் மாமனாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? திரும்பி வந்துட்டேன்.

அதனால உன் கடிதத்தை இதோட வெச்சு உனக்கே அனுப்புறேன். நகல் எதுவும் எடுக்கல. நீயே கொண்டுபோய்க் கொடு. நீ கொடுத்தா அது சாட்சி, நான் கொடுத்தா அது துரோகம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் விலாசம் எழுதின உறை ஒண்ணும் உள்ளே இருக்கு, ஸ்டாம்பு ஒட்டியிருக்கேன். கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு முப்பதாம் தேதி பள்ளிக்கூடம் திறக்குமே, அதுக்குள்ள கொடுத்துரு. உன்னை வீட்டை விட்டுத் தள்ளினா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இங்கே வா. ஜெஸ்னா கட்டில் சும்மாதான் கிடக்கு. உண்மையாத்தான் சொல்றேன், பேச்சுக்குச் சொல்லல.

மெல்லச் சொன்னேன்னு எழுதியிருந்தியே. அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் உன்னை வெறுத்தேன். மூணாம் நாள், நானும் அவுக முன்னாடி மெல்லத்தானே பேசுறேன்னு தோணுச்சு. அதுக்கு மேல என்னால வெறுக்க முடியல.

ஒரு சந்தோஷமும் சொல்லணும். நேத்து ராத்திரி உன் கடிதத்தை அவுககிட்டக் கொடுத்தேன். விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ரெண்டு தரம் படிச்சாக. கையைக் காட்டினாளா, ஓரமாத்தான் நின்னாளான்னு என்கிட்டக் கேட்டாக. அஞ்சு மாசத்துல என்கிட்டப் பேசின முதல் பேச்சு. இப்ப இதை ஒட்டி முடிச்சதும், கொடு, நானே ரிஜிஸ்தர் தபால்ல போட்டு வர்றேன், வழியில தொலையக் கூடாதுங்காக. விலாசமும் அவுகளே எழுதிருவாக. நான் அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டு இருக்கேன்.

செபமாலை


சாந்தன்பாறை
28.12.2024, சனி

கோமதி, என் தாயி,

ரிஜிஸ்தர் தபால் போய்ச் சேர்ந்த அட்டை இன்னைக்குக் காலையில திரும்பி வந்துச்சு. அதுல உன் கையெழுத்து இல்ல. பொங்கியண்ணன்னு இருக்கு, பதினாறாம் தேதி போட்டு.

உறையில என்ன விலாசம் எழுதினீகன்னு அவுககிட்டக் கேட்டேன். டிரங்குப் பெட்டியில இருந்த உன்னோட முதல் கவரைப் பார்த்து எழுதினாகளாம். வீட்டு விலாசம். தையல் கடை சமாச்சாரம் அவுகளுக்குத் தெரியாது, அஞ்சு மாசமா நாங்க பேசினாத்தானே தெரியறதுக்கு. அவுக பேசிட்டாகங்கிற சந்தோஷத்துல நானும் உறையை வாங்கிப் பார்க்கல. அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அவுக தலையில அடிச்சுக்கிட்டாக. நான் தடுக்கல, எனக்கே அடிச்சுக்கிடணும் போல இருந்துச்சு.

தையல் கடை ரசீதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டு இந்துகிட்டப் பேசினேன். கோமதியக்கா பத்துப் பன்னெண்டு நாளா கடைப்பக்கம் வரலீங்கன்னு சொன்னா. கேட்டதுக்கு, கிணத்துக்கடவுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு உன் மாமனார் சொன்னாராம். குழந்தை எங்கேன்னு கேட்டேன். குழந்தை இங்கேதான் இருக்குது, வாசல்ல வேனுக்குள்ள உட்கார்ந்து விளையாடிட்டிருந்துச்சுன்னு சொன்னா. பிள்ளையை விட்டுட்டு நீ போவியா கோமதி? அவளுக்கு அம்மை போட்டதைக்கூட எழுத மறக்காதவ, பிள்ளையை விட்டுட்டுப் போவியா?

நீ எழுதினது இப்ப உன் மாமனார் கையில. என்கிட்ட நகல்கூட இல்ல. ஜெராக்ஸ் கடை வாசல்ல இருந்து திரும்பி வந்தேனே, அன்னைக்கு நான் நல்லவளா நடந்துக்கிட்டதா நினைச்சேன். மன்னிப்பு எழுதின அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸுல நாங்க ரெண்டு பேரும் இறங்கி வர்றோம். சாயங்காலம் எலப்புள்ளி வந்து சேர்ந்ததும் போலீஸ் ஸ்டேஷன்ல உன்னைக் காணலைன்னு சொல்லப்போறோம். நீங்க யாரு, அவளுக்கு என்ன உறவுன்னு கேட்பாங்க. கேட்கட்டும். ராத்திரி இந்து வீட்டுல இடம் தாரேன்னிருக்கா. இந்தக் கடிதத்தைத் தபால்ல போடல, நானே கொண்டுவர்றேன். உன்னைப் பார்த்தா உன் கையில கொடுப்பேன், இல்லாட்டி இந்துகிட்டக் கொடுத்து வெப்பேன்.

திங்கட்கிழமை காலையில பள்ளிக்கூடம் திறக்குது. வேன் வர்ற வாய்க்கால் கரை ரோட்டுல நான் நிப்பேன். அவுக பள்ளிக்கூட வாசல்ல நிப்பாக, பெத்தவங்க எல்லாரையும் வெச்சு, வேனை ஓட்டுறது யாருன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்கிறதுக்கு. அந்தக் குடையையும் எடுத்துக்கிட்டு வர்றேன். போலீஸ்காரன் திருப்பிக் கொடுத்தபோது ரெண்டு கம்பி வளைஞ்சிருந்துச்சு, அவுக நிமிர்த்திக் கொடுத்திருக்காக.

வேன் வரும்போது ரோட்டோரமா, மண்ணு மேல நின்னு, கையைக் காட்டுவேன். உன்னை வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்காகளோ, கூட வேன்லயே ஏத்திக்கிட்டு வர்றாகளோ எனக்குத் தெரியாது. நீ அந்த வண்டிக்குள்ள இருந்தா, தாயி, இந்தத் தடவை மெல்லக் கூப்பிடாதே.

ஜெஸ்னா அம்மா,
செபமாலையம்மாள்